லென்ஸ் எங்கே இருக்க வேண்டும்?
ஸ்டீரியோஸ்கோப்பும் வரிலென்ஸ் படமும்: ஓர் ஒப்பாய்வு

மொன்றியல் நகரின் வில்லரேயும் பார்க் எக்ஸ்டென்சனும் ஒரே நகராட்சிப் பிரிவைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நடுவே ஜாரி பூங்கா விரிந்து கிடக்கிறது. பூங்காவின் மேற்கே தண்டவாளத்தைத் தாண்டினால் தமிழர்கள் அதிகம் புழங்கும் தெருக்கள். அங்குள்ள பலசரக்குக் கடைகளில் ஊதுபத்தி, குங்குமத்தோடு சாமி படங்களும் விற்பனைக்கு வரும். அவற்றுள் சில வழவழப்பாக இருப்பதில்லை. நகத்தால் வருடினால் மெல்லிய வரிகள் நெருடும். இவைதான் வரிலென்ஸ் படங்கள். ஒரு வகைப் படத்தைச் சற்றுச் சாய்த்தால் முருகன் பிள்ளையாராக மாறுவார். இன்னொரு வகையில் வேல் சட்டகத்துக்கு முன்னே நீட்டி நிற்கும், மயில் பின்னே தள்ளித் தெரியும். கடைக்காரருக்கு இரண்டுமே ‘3டி படம்’தான்.

அதே நகரின் மையத்தில், ஷெர்புரூக் தெருவிலுள்ள மெக்கார்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தில், ஆழம் காட்டும் வேறு வகைப் படங்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் நாட்மன் எடுத்த ஸ்டீரியோ படங்கள் அவை. ஒரே அட்டையில் ஒரே காட்சி இரண்டு முறை ஒட்டப்பட்டிருக்கும். வெறுங்கண்ணால் பார்த்தால் எதற்கு இந்த இரட்டிப்பு என்று தோன்றும். இரண்டு லென்ஸ் பொருத்திய ஸ்டீரியோஸ்கோப் என்ற சிறு கருவியின் வழியே பார்த்தால்தான் காட்சி முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கும்.

ஸ்டீரியோஸ்கோப், வரிலென்ஸ் படம் இரண்டுமே லென்ஸைக் கொண்டு தட்டைப் படத்துக்கு ஆழம் தருகின்றன. ஒன்றில் லென்ஸ் கண்ணருகே இருக்கிறது. மற்றதில் படத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறது. இந்த இட வேறுபாடு ஒன்றிலிருந்தே இரண்டின் நிறைகுறைகள் ஏறக்குறைய அனைத்தும் பிறக்கின்றன.

ஆழம் எங்கிருந்து வருகிறது?

வில்லரேயின் டி காஸ்டெல்நோ மெட்ரோ நிலையச் சுவர்களில், பக்கத்திலுள்ள ஜான்-தலோன் சந்தையின் காட்சிகள் புடைப்புச் சிற்பங்களாக இருக்கின்றன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் அவற்றில் ஆழம் தெரியும். நிழல் விழும் விதம், ஓர் உருவம் இன்னொன்றை மறைக்கும் விதம், தொலைவில் உள்ளது சிறுத்துத் தோன்றுவது ஆகியவை ஆழத்தைச் சொல்லிவிடும். ஓவியரும் புகைப்படக்காரரும் நம்பியிருப்பது இந்த முதல் வகைக் குறிப்புகளைத்தான்.

இரண்டாவது குறிப்பு, இரு கண்களுக்கும் இடையிலான வேறுபாடு. வளர்ந்தவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 6.3 சென்டிமீட்டர் இருக்கும். ஆகவே இடக்கண் பார்க்கும் காட்சியும் வலக்கண் பார்க்கும் காட்சியும் சற்றே மாறுபடும். அருகில் உள்ள பொருளுக்கு மாறுபாடு அதிகம், தொலைவில் உள்ளதற்குக் குறைவு. மூளை அந்த மாறுபாட்டை ஆழமாக வாசிக்கிறது. மூன்றாவது, அசைவு. தலையை நகர்த்தும்போது அருகில் உள்ளவை வேகமாக விலகும், தொலைவில் உள்ளவை மெதுவாக நகரும். பேருந்து சன்னலில் உட்கார்ந்தவர் எவரும் இதை அறிவார்.

எந்த லென்ஸும் ஆழத்தை உண்டாக்குவதில்லை. எந்தக் கண்ணுக்கு எந்தப் படம் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதே அதன் வேலை. ஆழத்தை மூளை கட்டிக்கொள்கிறது. ஆகவே நாம் ஒப்பிடுவது பிரித்தனுப்பும் இரண்டு முறைகளை.

கண்ணருகே லென்ஸ்

இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் காட்டினால் ஆழம் தோன்றும் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். அவர் கருவியில் லென்ஸ் இல்லை. முகம் பார்க்கும் கண்ணாடிகள் இரண்டு மட்டுமே. புகைப்படக் கலை வெளியுலகுக்கு அறிமுகமானதே அடுத்த ஆண்டில்தான் என்பதால், வரைபடங்களைக் கொண்டே அவர் நிறுவிக் காட்டினார். 1849இல் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் லென்ஸ்களைப் பொருத்திக் கருவியைக் கைக்கு அடக்கமாக்கினார். 1851 லண்டன் பெருங்கண்காட்சிக்குப் பின் அது வீட்டுக்கு வீடு புகுந்தது. 1861இல் அமெரிக்க மருத்துவர் ஆலிவர் வென்டல் ஹோம்ஸ் இன்னும் மலிவான, திறந்த வடிவத்தை உருவாக்கினார்.

புரூஸ்டரின் லென்ஸ் இரண்டு வேலைகளைச் செய்கிறது. படம் கண்ணிலிருந்து ஒரு சாண் தொலைவிலேயே இருந்தாலும், அது தூரத்தில் இருப்பதுபோலக் காட்டி, கண் சிரமமின்றிக் குவிய வழிசெய்கிறது. அடுத்து, லென்ஸின் விளிம்புப் பகுதியைப் பயன்படுத்துவதால் அது பட்டகம் போலவும் செயல்பட்டு ஒளியை வளைக்கிறது. அதனால் அட்டையில் கண்களின் இடைவெளியைவிட அகலமாகப் பிரிந்து நிற்கும் இரண்டு படங்களும் நடுவே வந்து ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன.

நாட்மன் ஸ்காட்லாந்திலிருந்து 1856இல் மொன்றியல் வந்தவர். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் விக்டோரியா பாலம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. 1858 முதல் அந்தக் கட்டுமானத்தைப் படிப்படியாகப் படமெடுத்தார். அவற்றுள் ஸ்டீரியோ படங்களும் உண்டு. 1860இல் பாலத்தைத் திறந்துவைக்க வேல்ஸ் இளவரசர் வந்தபோது, மேப்பிள் மரப்பெட்டியில் வைத்துப் பரிசளிக்கப்பட்ட தொகுப்பில் அவையும் இடம்பெற்றன.

அதே 1858இல் மதுரையிலும் இதே வேலை நடந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் பொறுப்பேற்ற கேப்டன் லின்னேயஸ் டிரைப் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி எடுத்த படங்கள் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. அவற்றுள் மதுரைக்கென்று ஒரு ஸ்டீரியோ தொகுதியும், திருச்சி, தஞ்சை வட்டாரத்துக்கென்று இன்னொன்றும் அடக்கம். இரும்புப் பாலத்தை ஒருவரும் கற்கோயிலை ஒருவரும், ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களில், ஒரே ஆண்டில் ஒரே முறையில் படமாக்கினார்கள். புகைப்படம் வந்து இருபது ஆண்டுகூட ஆகாத நிலையில் ஆழம் காட்டும் படம் எவ்வளவு விரைவாக உலகைச் சுற்றியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கோபுரத்தையும் பாலத்தையும் ஆழத்தோடு எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 50 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் இரு கண்களின் பார்வைக் கோணங்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதனால் ஸ்டீரியோ படமெடுப்போர் இரண்டு படங்களுக்கும் இடையிலான நகர்வை வேண்டுமென்றே கூட்டுவார்கள். மிக அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது அவர்கள் கைக்கணக்கு. 50 மீட்டருக்கு அது ஒன்றரை மீட்டருக்கும் மேல் போகும். அளவுக்கு மீறினால் கோபுரம் பொம்மைக் கொலுவில் வைத்ததுபோலச் சிறுத்துத் தெரியும்.

படத்தின்மேல் லென்ஸ்

படத்தையே பிரித்தனுப்ப வைக்கலாம் என்ற எண்ணம் அரை நூற்றாண்டு கழித்துப் பிறந்தது. பிரான்சின் காப்ரியேல் லிப்மன் 1908இல், ஈயின் கண்ணைப்போல நுண்ணிய வட்ட லென்ஸ்கள் நிறைந்த தகட்டைப் படத்தின்மேல் வைக்கும் ‘முழுமைப் புகைப்படம்’ என்ற கருத்தை பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் முன்வைத்தார். அதே ஆண்டு வண்ணப் புகைப்படத்துக்காக இயற்பியல் நோபல் பெற்றவர் அவர். 1921 ஜூலையில் கனடாவிலிருந்து திரும்பும் வழியில் கப்பலிலேயே காலமானார். வட்ட லென்ஸுக்குப் பதிலாக நீளமான வரி லென்ஸ்கள் போதும் என்ற வடிவத்துக்குச் சுவிட்சர்லாந்தின் வால்டர் ருடால்ஃப் ஹெஸ் 1915இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அவர் கண் மருத்துவர். பின்னாளில், 1949இல், மூளை ஆய்வுக்காக மருத்துவ நோபல் பெற்றவர். ஆயினும் மலிவான பிளாஸ்டிக் வந்த பிறகே, 1950களில், வரிலென்ஸ் படம் கடைத்தெருவுக்கு வந்தது. 1964இல் அமெரிக்காவின் ‘லுக்’ இதழ் அத்தகைய படமொன்றைத் தன் பிரதிகளோடு சேர்த்து வழங்கியது.

கடையில் வாங்கும் சாமி படத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு 60 வரி லென்ஸ் என்று வைத்தால் ஒவ்வொன்றின் அகலமும் 0.42 மில்லிமீட்டர். அந்த அகலத்துக்குள் 12 வெவ்வேறு கோணங்களில் எடுத்த படங்களின் கீற்றுகள் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரு கீற்றின் அகலம் 0.035 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பாதி. அச்சு இயந்திரம் அங்குலத்துக்கு 720 கீற்றுகளைப் பிசகாமல் பதிக்க வேண்டும்.

வரி லென்ஸ்கள் அமைந்த பிளாஸ்டிக் தாளின் தடிமன், லென்ஸின் குவியதூரத்துக்குச் சரியாக அமைக்கப்படுகிறது. குவியத்தில் உள்ள புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, லென்ஸைத் தாண்டியதும் இணைகற்றையாக ஒரே திசையில் போகும். கீற்று லென்ஸின் நடுக்கோட்டுக்கு இடப்புறம் இருந்தால் அதன் ஒளி வலப்புறமாகப் போகும். வலப்புறம் இருந்தால் இடப்புறமாக. இதனால்தான் ஒவ்வொரு லென்ஸின் அடியிலும் கீற்றுகள் இடவலம் தலைகீழான வரிசையில் அடுக்கப்படுகின்றன. இப்படி 12 படங்களும் விசிறிபோல 12 திசைகளில் பிரிந்து செல்கின்றன.

அந்த விசிறியின் அகலம் 30 பாகை என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 2.5 பாகை. 40 சென்டிமீட்டர் தொலைவில் கையில் பிடித்துப் பார்ப்பவரின் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 9 பாகை இருக்கும். ஆகவே இடக்கண் ஒரு படத்தைப் பார்த்தால், வலக்கண் அதிலிருந்து மூன்று நான்கு தள்ளி உள்ள படத்தைப் பார்க்கும். ஆழம் எழும். அதே படத்தைச் சுவரில் மாட்டி 2 மீட்டர் தள்ளி நின்றால் கண்களுக்கு இடையே 2 பாகைகூட வராது. இரு கண்களும் ஒரே படத்திலோ அடுத்தடுத்த படங்களிலோ விழும், ஆழம் வற்றிவிடும். கையில் வைத்திருந்தபோது அழகாக நீட்டிய வேல் பூசையறைச் சுவருக்குப் போனதும் தட்டையாவது இதனால்தான்.

மாறும் படத்துக்கும் ஆழப் படத்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேயே தெளிவாகும். கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் ஆழப் படத்தில் வரிகள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். முருகன் பிள்ளையாராக மாறும் படத்தில் இரு கண்களும் ஒரே உருவத்தைப் பார்த்தாக வேண்டும். எனவே வரிகள் கிடையாக ஓடுவது நல்லது. கிடையாக ஓடாத மாறும் படங்களில் ஒரு கண்ணுக்கு முருகனும் மறு கண்ணுக்குப் பிள்ளையாரும் தெரிந்து உருவங்கள் கலங்கும்.

எதிரெதிரே வைத்துப் பார்த்தால்

முதலில் தெளிவு. ஸ்டீரியோஸ்கோப்பில் ஒவ்வொரு கண்ணுக்கும் முழுப் படம் போகிறது; அச்சின் நுணுக்கம் எதுவும் வீணாவதில்லை. கோயில் தூணின் செதுக்கல்வரை எண்ணிப் பார்க்கலாம். வரிலென்ஸ் படத்தில் 12 படங்கள் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எத்தனை கோணம் கூட்டுகிறோமோ அத்தனை பங்கு நுணுக்கம் குறையும். மின்திரைகளிலும் இதே கணக்குத்தான். 1990களில் ஃபிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் லென்ஸ் வரிகளைச் சற்றே சாய்த்து வைத்து, இழப்பு பக்கவாட்டில் மட்டும் குவியாமல் மேல்கீழாகவும் பரவச் செய்தனர். 3840க்கு 2160 புள்ளிகள் கொண்ட திரையில் 9 கோணங்களை இப்படிப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 1280க்கு 720 புள்ளிகள் கிடைக்கும். பங்கீடு சீரானதே தவிர, இழப்பு மறையவில்லை.

அசைவில் நிலைமை தலைகீழ். ஸ்டீரியோஸ்கோப்பில் இருப்பது இரண்டே படங்கள். தலையை எப்படித் திருப்பினாலும் தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முடியாது. வரிலென்ஸ் படத்தில் பக்கவாட்டில் நகர்ந்தால் அடுத்தடுத்த கோணங்கள் விரியும். மறைந்திருந்த மயில் தோகை வெளியே வரும். இரு கண் பார்வையின் ஒத்திசைவு குன்றியதால் ஸ்டீரியோ படத்தில் ஆழம் காண முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வரிலென்ஸ் படம் அசைவின் வழியே ஓரளவு ஆழத்தைக் காட்டிவிடும். இந்தச் சிறப்பு அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் மேலும் கீழும் நகர்ந்தால் வரிலென்ஸ் கைவிடும். அதற்கு லிப்மனின் வட்ட லென்ஸ்தான் வேண்டும். அப்போது நுணுக்கத்தின் இழப்பு இரு திசையிலும் பெருகும்.

பார்ப்போர் எண்ணிக்கையில் ஸ்டீரியோஸ்கோப் ஒருவருக்கே உரியது. பார்ப்பவர் பார்த்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். வரிலென்ஸ் படத்தின் முன் ஒரு குடும்பமே நிற்கலாம். விசிறி ஒவ்வொருவருக்கும் ஒரு சோடிப் படத்தைத் தரும். கருவி எதுவும் வேண்டியதில்லை. வழிபாட்டுப் படங்களிலும் விளம்பரங்களிலும் வரிலென்ஸ் வேரூன்றியதற்கும், ஸ்டீரியோஸ்கோப் வரவேற்பறையிலும் வகுப்பறையிலும் தங்கியதற்கும் காரணம் இதுவே.

பிழை நேரும் விதமும் கவனிக்கத்தக்கது. ஸ்டீரியோ அட்டையில் இடவலம் மாற்றி ஒட்டினால் ஆழம் புரண்டுவிடும். முன்னால் இருப்பது பின்னால் போகும். சரியாக ஒட்டிவிட்டால் அந்தப் பிழை என்றைக்கும் வராது. வரிலென்ஸ் படத்தில் அது பிறவியிலேயே உண்டு. விசிறி முடியும் இடத்தில் பக்கத்து லென்ஸின் விசிறி தொடங்கும். அந்த எல்லையில் நிற்பவரின் ஒரு கண் கடைசிப் படத்தையும் மறு கண் முதல் படத்தையும் பார்க்கும். ஒரு கணம் ஆழம் புரளும், உருவம் குதிக்கும். எவ்வளவு நேர்த்தியாக அச்சிட்டாலும் இந்த எல்லையை ஒதுக்கித் தள்ளலாமே தவிர ஒழிக்க முடியாது.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று. இயல்பான பார்வையில் இரு கண்களும் எந்தத் தூரத்தில் சந்திக்கின்றனவோ அதே தூரத்தில் கண்ணின் லென்ஸும் குவியும். இந்தப் படங்களில் கண்கள் வேலின் நுனியில் சந்தித்தாலும் குவிவது வேறு தளத்தில். வரிலென்ஸில் அந்தத் தளம் தாளின் மேற்பரப்பு. ஸ்டீரியோஸ்கோப்பில் லென்ஸ் நிர்ணயிக்கும் நிலையான தூரம். இழுபறி மிகுந்தால் கண் களைக்கும், தலை வலிக்கும். ஆழத்தை அளவோடு வைத்திருப்பதே இரண்டுக்கும் மருந்து.

தமிழகத் திருவிழாக்களில் வரும் பயாஸ்கோப் பெட்டி இந்த இரண்டு வகையிலும் சேராது. அதன் லென்ஸ் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும். இரு கண்களுக்கும் தனித்தனிப் படம் தராது. திரையரங்கில் கொடுக்கும் கண்ணாடியும் வேறு இனம். தமிழின் முதல் 3டி படமான ‘அன்னை பூமி’ 1985இல் வந்தபோது கண்ணாடி அணிந்துதான் பார்த்தார்கள். அதில் படங்களைப் பிரிக்கும் வேலை கண்ணாடியின் வடிப்பானுடையது.

இன்றைய வாரிசுகள்

தலையில் மாட்டும் மெய்நிகர் கருவி, புரூஸ்டர் பெட்டியின் நேர் வாரிசு. இரண்டு லென்ஸ், இரண்டு படம், ஒருவருக்கு ஒரு கருவி. புதிதாகச் சேர்ந்தது, தலை திரும்புவதை உணர்ந்து படத்தை மாற்றும் வசதி. மொன்றியல் இந்தத் துறையில் முன்னணி நகரங்களில் ஒன்று. இங்கே 2013இல் தொடங்கப்பட்ட ஃபெலிக்ஸ் அண்ட் பால் ஸ்டுடியோ, பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள்ளேயே ஸ்டீரியோ படப்பிடிப்பு நடத்தியது. அந்தக் காட்சிகளைக் கொண்டு உருவான ‘தி இன்ஃபினிட்’ கண்காட்சி 2021இல் இந்த நகரில் திறக்கப்பட்டது. நாட்மன் பாலத்துக்குச் செய்ததை இவர்கள் விண்வெளி நிலையத்துக்குச் செய்திருக்கிறார்கள்.

வரிலென்ஸின் வாரிசு, கண்ணாடி இல்லாமலே ஆழம் காட்டும் மின்திரை. நுண்வரி லென்ஸ்களைத் திரையின்மேல் ஒட்டி, பல பத்துக் கோணங்களை ஒரே நேரத்தில் அனுப்பும் திரைகள் இப்போது விற்பனையில் உள்ளன. அருங்காட்சியகமும் அறுவை மருத்துவரும் இதை விரும்பக் காரணம், நாலைந்து பேர் ஒன்றாக நின்று ஒரே பொருளைச் சுட்டிக்காட்டிப் பேசலாம் என்பதே.

தீர்ப்பு

ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்று சொல்ல இடமில்லை. எதைக் காட்டப் போகிறோம் என்பதே முடிவு செய்யும். புதிதாக எடுத்து, பலர் கூடும் இடத்தில் வைக்கும் படத்துக்கு வரிலென்ஸே பொருந்தும். ஏற்கெனவே சோடியாக எடுக்கப்பட்ட பழைய படத்துக்கு ஸ்டீரியோஸ்கோப்தான் நேர்மையான வழி. டிரைப் நமக்கு விட்டுச்சென்றது இரண்டே கோணங்களை. அவற்றை வரிலென்ஸ் ஆக்கினால், நிற்க வேண்டிய இடம் சிறிதும் தவற முடியாதபடி குறுகிவிடும். இடைப்பட்ட கோணங்களைக் கணினியால் இட்டு நிரப்பினால், 1858இல் யாரும் பார்க்காத காட்சியைப் பார்த்ததாகக் காட்டுவோம்.

ஆகவே நம் அருங்காட்சியகங்களுக்கும் பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மதுரை, தஞ்சை ஸ்டீரியோ படங்களை வெளியிடும்போது பக்கத்தில் இடம் போதவில்லை என்று ஒரு பாதியை வெட்டி எறியாதீர்கள். இரண்டு பாதிகளையும் அருகருகே, நடுப்புள்ளிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டர் வருமாறு அச்சிடுங்கள். இரண்டு பிளாஸ்டிக் லென்ஸும் ஒரு மடக்கு அட்டையும் இருந்தால் எந்தப் பள்ளி மாணவரும் பார்த்துவிடலாம். பாதிப் படத்தில் இருப்பது கோயிலின் தோற்றம் மட்டுமே. அதன் பிரகாரம் எவ்வளவு நீளம் என்பது இரண்டும் சேர்ந்தால்தான் தெரியும்.